மகன் வீட்டுக்குப் போகும் வழி

பொன்னமராவதி வட்டாரத்தாருக்குக் கடல் கடந்து போவதென்பது புதிய சங்கதி அன்று. பர்மாவிலும் மலாயாவிலும் சிலோனிலும் கடை வைத்திருந்த நகரத்தார் குடும்பங்களில், 'அப்பச்சி கொண்டுவிற்கப் போயிருக்கிறார்கள்' என்று ஒரு குழந்தை சொன்னால், எந்த ஊருக்கு, எத்தனை காலத்துக்கு, என்ன ஜோலியாக என்று அதற்கு மேல் விசாரிக்க வேண்டியிருந்ததில்லை. அயலூர்க் கடைக்குச் சம்பளத்துக்குப் போகிறவர்களுக்கு மூன்று வருஷம் ஒரு கணக்கு. கணக்கு முடிந்தால் ஊருக்கு வருவார்கள், கல்யாணம் காட்சி பார்ப்பார்கள், மறுபடி கப்பல் ஏறுவார்கள். பக்கத்து மேலைச்சிவபுரியில் 1917-இல் பிறந்து, பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பதவி வரை உயர்ந்த வ.சுப. மாணிக்கனார்கூட, பதினொரு வயதுப் பாலகனாக வட்டிக்கடைத் தொழில் பழகுவதற்கென்று ரங்கூனுக்கு அனுப்பப்பட்டவர்தாம். நகரத்தார் மட்டும் போனார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. தோட்டக் கூலிக்கும் துறைமுக வேலைக்கும், பிற்காலத்தில் வளைகுடா நாடுகளுக்கும், இந்தச் சீமையின் எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் போயிருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பிரயாணங்கள் அனைத்துக்கும் பொதுவான லட்சணம் ஒன்று உண்டு: போனது வாலிபத்தில், திரும்பியது மூப்பில். தேக்கும் கண்ணாடியும் பளிங்கும் கொண்டுவந்து இழைத்து நகரத்தார் கட்டிய பெரிய வீடுகளெல்லாம், கட்டியவர்கள் அறுபதாம் கல்யாணம் செய்துகொண்டு, முகப்புத் திண்ணையில் சாய்ந்து, தங்கள் ஊர் வைத்தியர் கையால் கஷாயம் குடித்து, தங்கள் மண்ணிலேயே கண்ணை மூட வேண்டும் என்ற சங்கற்பத்தோடு எழுப்பியவை. இன்றைக்கு அந்தப் பிரயாணம் தலைகீழாகிவிட்டது. பிள்ளைகள் டொராண்டோவிலும் சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வேரூன்றிவிட்டார்கள். ஊரில் எஞ்சியிருக்கும் பெற்றோர், எழுபதை நெருங்கும் வயதில், முதன்முறையாகப் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு திருச்சி விமான நிலையத்துக்குப் புறப்படுகிறார்கள். வாலிபத்தில் போனவர்களை அந்நிய நாடு கேட்ட கேள்வி, 'உனக்கு என்ன வேலை தெரியும்?' என்பது. மூப்பில் போகிறவர்களைக் கேட்கிற கேள்வி, 'உனக்கு என்ன வியாதி இருக்கிறது?' என்பது.

இந்த இரண்டாவது கேள்வியைத்தான் நம்மவர்கள் அலட்சியம் செய்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். விசா கிடைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணி, இன்ஷூரன்ஸ் காகிதத்தை விமான டிக்கெட்டோடு இலவச இணைப்பாக வந்த துண்டுச்சீட்டைப் போல மடித்து வைத்துவிடுகிறார்கள். உண்மையில், விசா என்பது அந்த நாட்டில் இருப்பதற்கு மட்டுமே அனுமதி. நோயாளியாக இருப்பதற்கு அனுமதி தருவது அந்தக் காப்பீட்டுப் பத்திரம்தான்.

சில வாரங்களுக்கு முன், பேருந்து நிலையத்துக்குச் சமீபத்தில், டிக்கெட்டும் பாஸ்போர்ட் விண்ணப்பமும் ஜெராக்ஸும் ஒரே மேஜையில் நடக்கிற ஒரு சிறிய கடையில் உட்கார்ந்திருந்தேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரும் அவருடைய மனைவியும் கனடாவிலிருக்கும் மகனிடம் போவதற்காக வந்திருந்தார்கள். மகன் அங்கே நிரந்தரவாசி உரிமை பெற்றவர். அனுப்ப வேண்டிய காகிதங்களின் பட்டியலைக் கைப்பேசியில் அனுப்பி, 'கையெழுத்து மட்டும் போடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள். கடைக்காரத் தம்பி, விவரம் தெரிந்தவர், பேனாவை எடுத்துக்கொண்டு விசாரித்தார்.

"ஆச்சிக்குச் சுகர் இருக்கா?"

"இருக்கு தம்பி, இருபது வருஷமா. மாத்திரைதான், ஊசி இல்லை."

"பிரஷர்?"

"அதுக்கும் ஒண்ணு போடுறேன். போன மாசந்தான் டாக்டர் அஞ்சைப் பத்தாக் கூட்டிக் குடுத்தாக."

தம்பி பேனாவைக் கீழே வைத்தார். வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அது புரிய வேண்டுமானால் கனடாவின் 'சூப்பர் விசா' என்பது இன்னதென்று முதலில் சொல்ல வேண்டும்.

பெற்றோர், தாத்தா பாட்டியருக்கென்று அந்நாட்டு அரசு 2011 டிசம்பரில் இந்த விசாவைத் தொடங்கியது. முதலில் ஒரு முறை போனால் 2 வருஷம் தங்கலாம் என்றிருந்ததை, 2022 ஜூலையிலிருந்து 5 வருஷமாக நீட்டித்தார்கள். விசா 10 வருஷம் வரையில் செல்லுபடியாகும், எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம். அழைக்கிற பிள்ளை அந்நாட்டுப் பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். குடும்பத்தின் தலை எண்ணிக்கைக்குத் தக்கபடி அரசு நிர்ணயித்திருக்கும் வருமானம் அவருக்கு இருக்க வேண்டும். பெற்றோரை ஆதரிப்பதாகக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். பெற்றோர் தரப்பிலோ, கனடா அரசு அங்கீகரித்த மருத்துவரிடம் தேகப் பரிசோதனை. அதற்குப் பொன்னமராவதிக்காரர் சென்னை போன்ற ஒரு பெருநகரத்துக்குப் போய்வர வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, குறைந்தபட்சம் 1,00,000 கனடா டாலருக்கு, அதாவது நம் நாணயத்தில் 60 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு, மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். நாட்டுக்குள் கால் வைக்கும் நாளிலிருந்து ஒரு வருஷமாவது அது உயிரோடிருக்க வேண்டும். முன்பெல்லாம் கனடா நாட்டுக் கம்பெனியிடம் எடுத்த பாலிசிதான் செல்லும். 2025 ஜனவரி முதல், அந்நாட்டு நிதிக் கண்காணிப்பு அலுவலகத்தின் அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டுக் கம்பெனிகளின் பாலிசிகளையும் ஒப்புக்கொள்கிறார்கள். பிரீமியத்தைத் தவணையில் கட்டலாம். ஆனால் 'இவ்வளவு ஆகும்' என்று கம்பெனி எழுதிக் கொடுத்த மதிப்பீட்டுச் சீட்டை மட்டும் நீட்டினால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

கனடாவில் வைத்தியம் இலவசம் என்று நம் ஊரில் ஒரு வதந்தி உண்டு. அந்த இலவசம் அந்தந்த மாகாணத்து வாசிகளுக்கு. சூப்பர் விசாவில் வந்த விருந்தாளிக்கு அதில் பங்கு இல்லை. ஆகவே ஆச்சிக்கு நெஞ்சு வலித்து ஓர் இரவு அவசரப் பிரிவில் படுக்க வேண்டி வந்தால், பில்லைக் கட்டுவது அந்தப் பாலிசியாக இருக்க வேண்டும், அல்லது மகனாக இருக்க வேண்டும்.

இனி, அந்தப் பேனா ஏன் கீழே போயிற்று என்பதற்கு வருகிறேன். இவ்வகைப் பாலிசிகளில், பிரயாணத்துக்கு முன்பே உடம்பில் இருக்கிற நோய்க்குப் பணம் தருவது சில திட்டங்களில் மட்டும்தான். அவற்றிலும், அந்த நோய் ஒரு குறிப்பிட்ட காலமாக 'ஸ்திரமாக' இருந்திருக்க வேண்டும் என்ற ஷரத்து இருக்கும். அந்தக் காலம் கம்பெனிக்குக் கம்பெனியும் வயதுக்கு வயதும் மாறும்; 90 நாள், 120 நாள், 180 நாள் என்றெல்லாம் உண்டு. ஸ்திரம் என்பதற்கு நாம் நினைக்கிற அர்த்தம், உடம்பு சௌக்கியமாக இருக்கிறது என்பது. அவர்கள் அகராதியில், புது மாத்திரை சேர்க்கவில்லை, பழைய மாத்திரையை நிறுத்தவில்லை, அளவைக் கூட்டவோ குறைக்கவோ இல்லை, புதிய பரிசோதனைக்கு எழுதிக்கொடுக்கவில்லை என்பதெல்லாம் சேர்ந்ததுதான் ஸ்திரம். டாக்டர் நல்லெண்ணத்தோடு 5 மில்லிகிராமைப் 10 மில்லிகிராமாகக் கூட்டிய அந்தத் தினத்திலிருந்து ஆச்சியின் நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பமாகிறது. அது நிறைவேறுவதற்குள் விமானம் ஏறி, அங்கே ரத்த அழுத்தத்தின் விளைவாக ஏதேனும் நேர்ந்தால், கம்பெனி கையை விரிக்கும். விரிப்பதற்கு அதற்குச் சட்டப்படி அதிகாரமும் உண்டு.

"ஐயா, டிக்கெட்டை நாலு மாசம் தள்ளிப் போட்டா நல்லது" என்றார் தம்பி.

"பேரன் பிறந்த நாளுக்கு வர்றோம்னு சொல்லியிருக்கோமே" என்றார் ஆசிரியர்.

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். மாத்திரை கூட்டியதை எழுதாமல் விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு யோசனை எழும். அருகிலே இருப்பவர்களும் அதற்குத் தூபம் போடுவார்கள். பிரீமியம் வாங்கும் நாளில் எந்தக் கம்பெனியும் உங்கள் மருந்துச் சீட்டைக் கேட்பதில்லை என்பது வாஸ்தவந்தான். பணம் கொடுக்க வேண்டிய நாளில், ஊரில் பார்த்த டாக்டரின் பழைய குறிப்புகள் அத்தனையையும் வரவழைத்து, கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பார்கள். மறைத்த விவரம் ஒன்று அகப்பட்டால் பாலிசி முழுவதுமே செல்லாது என்று சொல்லவும் இடமுண்டு. பதினோரு வயதில் போன மாணிக்கனார், முதலாளிக்காகப் பொய் சொல்ல மறுத்ததனால் வேலையை இழந்து ஊர் திரும்பியவர் என்று இந்தப் பக்கத்திலே பெருமையோடு சொல்வார்கள். இன்ஷூரன்ஸ் விண்ணப்பத்தில் உண்மை எழுதுவதற்கு அவ்வளவு தியாகம் வேண்டியதில்லை. கொஞ்சம் கூடுதலாகப் பிரீமியம் கட்டினால் போதும்.

டிடக்டிபிள் என்று இன்னொன்று உண்டு. ஒவ்வொரு நோய்க்கும் முதல் 500 டாலரோ 1,000 டாலரோ நாமே கொடுத்துவிட்டு, அதற்கு மேற்பட்டதைத்தான் கம்பெனியிடம் கேட்க முடியும் என்ற ஏற்பாடு அது. அந்தத் தொகையை உயர்த்தினால் பிரீமியம் இறங்கும். அதனால் சிக்கனக்காரப் பிள்ளைகள் அதை மேலே மேலே ஏற்றி வைத்துவிடுகிறார்கள். அதன் பலன், சளிக் காய்ச்சலுக்குப் பெற்றோர் டாக்டரிடமே போகாமல், ஊரிலிருந்து கொண்டுபோன மாத்திரையையும் மிளகுக் கஷாயத்தையும் நம்பி உட்கார்ந்திருப்பதுதான்.

கனடாவைப் பற்றி இவ்வளவு விரிவாகச் சொன்னதற்குக் காரணம், பெற்றோரை நீண்ட காலம் தங்கவிடுவதற்கென்றே ஒரு வாசலைத் திறந்து, அதற்கு என்ன விலை என்பதையும் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிற நாடுகள் அதிகமில்லை என்பதுதான். ஆஸ்திரேலியா 2019-இல் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது: 3 வருஷம் அல்லது 5 வருஷம், மொத்தத்தில் 10 வருஷத்துக்கு மிகாமல்; தொடக்கத்தில் கட்டணம் 3 வருஷத்துக்கு 5,000, 5 வருஷத்துக்கு 10,000 ஆஸ்திரேலிய டாலர்; இருக்கும் காலம் முழுவதும் மருத்துவக் காப்பீடு அறுபடக் கூடாது. இங்கிலாந்தோ 2012-இல் வாசலை ஏறக்குறையச் சாத்திவிட்டது. குளிக்க, உடுக்க, சமைக்கப் பிறர் கை வேண்டிய நிலைக்குப் பெற்றோர் வந்திருக்க வேண்டும். அந்தப் பணிவிடை, பிள்ளை பணம் அனுப்பினாலும், சொந்த நாட்டில் கிடைக்காது என்று நிரூபிக்கவும் வேண்டும். அவ்வளவு தளர்ந்த ஒருவர் விமானம் ஏறுவது எப்படி என்பதை அந்தச் சட்டம் யோசித்ததாகத் தெரியவில்லை.

அமெரிக்காவில் ஓய்வுகாலத்துக்கென்று தனி விசாவே கிடையாது. சுற்றுலா விசாவில் போனால் வழக்கமாக ஆறு மாதம். பிள்ளை பிரஜையாகிவிட்டால், 21 வயது நிறைந்த பிள்ளையின் பெற்றோர் என்ற முறையில், வருஷாந்தர எண்ணிக்கை வரம்பில்லாமல் கிரீன் கார்டு கேட்கலாம். அது கையில் வந்ததும் கவலை தீர்ந்ததென்று பலர் நினைக்கிறார்கள். முதியோருக்கான மெடிகேர் என்ற அரசாங்கக் காப்பீட்டில், அங்கே உழைத்து வரி கட்டாத 65 வயதுக்காரர் பணம் கட்டிச் சேர வேண்டுமானாலும், நிரந்தரவாசியாகத் தொடர்ந்து 5 வருஷம் வசித்திருக்க வேண்டும். அந்த ஐந்து வருஷத்தைக் கடப்பதுதான் கடலைக் கடப்பதைவிடக் கஷ்டம். வருகையாளர்களுக்கென்று அங்கே விற்கும் மலிவான பாலிசிகளில், அறுவைக்கு இவ்வளவு, படுக்கைக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு கட்டியிருப்பார்கள். ஆஸ்பத்திரி போடும் பில்லுக்கு அந்த வரம்பு தெரியாது.

நமக்குப் பழகின தேசங்களின் கதை வேறு. சிங்கப்பூரில் வேலை அனுமதியோடு இருக்கும் பிள்ளை பெற்றோரை நீண்டகால வருகை அனுமதியில் வரவழைக்க வேண்டுமானால், மாதச் சம்பளம் 12,000 சிங்கப்பூர் வெள்ளியாவது இருக்க வேண்டும். ரூபாயில் அது 8 லட்சத்தைத் தொடும். அந்த அனுமதி பிள்ளையின் வேலையோடு கட்டிப்போட்ட கயிறு. வேலை போனால் பெற்றோரின் இருப்பும் போயிற்று. பிரஜைகளுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உள்ள அரசுக் காப்பீடும் மானியமும் இப்படி வரும் பெற்றோருக்கு இல்லை.

மலேசியா, 1996-இல் 'வெள்ளி முடி' என்ற அழகான பெயரோடு, நரைத்த தலைக்காரர்களை வரவேற்க ஒரு திட்டம் தொடங்கி, 2002-இல் அதற்கே 'மலேசியா, என் இரண்டாவது இல்லம்' என்று பெயர் மாற்றிற்று. பல வருஷம் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டுகிற உயரத்தில் இருந்த அந்தத் திட்டத்தில், 2021-இல் மாதம் 40,000 ரிங்கிட் வருமானம் என்று திடீரென ஏணியை உயர்த்திவிட்டு, 2024-இல் மூன்று படியாக மாற்றி அமைத்தார்கள். அடிப்படிக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை, அதாவது ஒன்றே கால் கோடி ரூபாய்க்கு மேல். அதோடு 6,00,000 ரிங்கிட்டுக்குக் குறையாத வீடு ஒன்றும் வாங்க வேண்டும். இவ்வளவுக்கும் கிடைப்பது 5 வருஷ அனுமதி. ரப்பர்க் காட்டை வெட்டித் திருத்தினவர்களின் பேரப்பிள்ளைகள் நிறைந்த ஒரு நாட்டில், நம்மூர்க் கிழவர் ஒருவர் ஓய்வாக உட்கார இந்த விலை. 1969-ஐ ஒட்டி, பிரஜாவுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க பெர்மிட் வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தபோது, பிரஜையல்லாதவர்களுக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடு பாதி வாழ்க்கையை அங்கே கழித்தவர்கள் எத்தனையோ பேர் மூட்டை கட்டித் திரும்பியதை இவ்வட்டாரத்து முதியவர்கள் இன்னும் மறக்கவில்லை. துபாய் 2020-இல் 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 5 வருஷ ஓய்வுகால விசா கொடுக்கத் தொடங்கியது; தாய்லாந்து 50 வயதுக்காரர்களிடம் 8,00,000 பாட் வங்கி இருப்பைக் கேட்கிறது. துபாயில் காப்பீடு கட்டாயம்; தாய்லாந்தில் அது விசா வகையைப் பொறுத்தது. ஆனால் பொன்னமராவதியிலிருந்து தாய்லாந்துக்கு ஓய்வெடுக்கப் போகிறவரை நான் பார்த்ததில்லை.

காகிதத்தில் வரும் தொல்லைகளில் நம் ஊருக்கே உரியது பெயர்த் தொல்லை. 'மெ.சுப.' என்று இரண்டு தலைமுறையை முன்னெழுத்தில் சுமந்துகொண்டிருக்கும் பெயரைப் பாஸ்போர்ட் கேட்கும் இரண்டு கட்டத்துக்குள் எப்படிப் பிரிப்பது? ஆதாரில் ஒரு விதம், ஓய்வூதியப் புத்தகத்தில் ஒரு விதம், மகனுடைய பிறப்புச் சான்றிதழில் தகப்பனார் பெயர் இன்னொரு விதம். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு வருகிறவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து அமீரகம் தடை போட்டபோது பலர் விழித்தது இதனால்தான். வீட்டிலே மருத்துவச்சி கையில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாளில் வாத்தியார் உத்தேசமாக எழுதிய தேதியையே பிறந்த நாளாகக் கொண்டாடுகிற தலைமுறைக்கு, பிறப்புப் பதிவு இல்லை என்பதற்கே ஒரு சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கிறது. இவற்றையெல்லாம் விசாவுக்கு எழுதுவதற்கு ஆறு மாதம் முன்பே நேராக்கிக்கொள்வது உத்தமம்.

போகிறவர்கள் செய்கிற பெரும் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பாலிசி எடுத்தாயிற்றே என்று, இங்கே வருஷக் கணக்காகக் கட்டிவந்த இந்தியப் பாலிசியை விட்டுவிடுகிறார்கள். இந்தியப் பாலிசி பெரும்பாலும் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும் என்பது மெய். ஆனால் அதன் மதிப்பு அதன் வயதில் இருக்கிறது. முன்பே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 36 மாதம். 60 மாதம் தொடர்ந்து கட்டியவரிடம், மோசடி என்று நிரூபித்தாலொழிய, விவரத்தை மறைத்தார் என்று காட்டிக் கம்பெனி பணத்தை மறுக்க முடியாது. கட்டத் தவறிச் சலுகை நாட்களும் கடந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பெல்லாம் ஆவியாகிவிடும். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் புதிய பாலிசி கொடுக்கலாம் என்று விதி தளர்ந்திருப்பது உண்மைதான். ஆனால் ஸ்டென்ட் வைத்த 72 வயதுக்காரருக்கு அவர்கள் சொல்லும் பிரீமியத்தைக் கேட்டால் அந்த ஸ்டென்டே அடைத்துக்கொள்ளும். 2025 செப்டம்பரிலிருந்து தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை என்றாகிவிட்டது. ஆகையால் விடாமல் கட்டிவருவது முன்னைவிடச் சுலபம். குளிர் தாங்காமலோ, தனிமை தாங்காமலோ, மருமகளோடு ஒத்துப்போகாமலோ, எட்டே மாதத்தில் ஊர் திரும்பியவர்களை நான் அறிவேன். அவர்களுக்குத் திருச்சியிலும் மதுரையிலும் ஆஸ்பத்திரி வேண்டியிருந்தது.

ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு வருஷந்தோறும் நேர்காணல், வாழ்நாள் சான்றிதழ் என்ற கடமை இருக்கிறது. மத்திய அரசு 2014-இல் கொண்டுவந்த ஜீவன் பிரமாண் என்ற மின்னணுச் சான்று முறையும், வெளிநாடுகளில் இந்தியத் தூதரகங்கள் தரும் சான்றும் இருப்பதால், இதற்கென்று யாரும் விமானம் ஏறி வர வேண்டியதில்லை. ஆனால் புறப்படுமுன் கருவூலத்திலோ வங்கியிலோ கேட்டுக்கொள்ளாமல் போய், அங்கே போன பிறகு பென்ஷன் நின்றுவிட்டது என்று கலங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

அன்றைக்குக் கடையில் ஆசிரியர் ஒருவாறு மனம் தேறி, டிக்கெட்டைப் பங்குனி கழித்துத் தள்ளிப் போடச் சம்மதித்தார். கொன்னையூர் மாரியம்மன் பூச்சொரிதலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆச்சிக்கு அதில் ஒரு திருப்தியும் இருந்தது. தம்பி பாலிசியின் அம்சங்களை ஒவ்வொன்றாக வாசித்தார்: ஆஸ்பத்திரிப் படுக்கை, டாக்டர் கட்டணம், ஆம்புலன்ஸ், மருந்து. கடைசி வரியை மட்டும் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

"கடைசியில என்னமோ சொன்னியே தம்பி, அது என்ன?" என்றார் ஆச்சி.

"ஒண்ணுமில்லை ஆச்சி. அங்கேயிருந்து ஊருக்குத் திருப்பி அனுப்புற செலவு. அது கட்டாயமா இருக்கணும்னு அவங்க சட்டம்."

"உசுரோடயா?"

தம்பி ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டே, "ரெண்டுக்கும் சேத்துத்தான்" என்றார்.

"அப்ப அது இருக்கட்டும். அதைக் கொறைச்சுராதே" என்று சொல்லிவிட்டு, எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆச்சி கேட்டார்.